கழுத்து ஒட்டும் வேலை

ஊருக்குப் பிடிக்காத ஆளை ஊருக்குப் பிடித்த ஆளுக்குப் பக்கத்தில் நிறுத்துவதுதான் என் பிழைப்பு. இராஜபாளையத்தில், பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் வரும். ஆனாலும் கடை ஓடுவது தலைவர்களின் பிறந்தநாளால்தான்.

பிறந்தநாள் ஃப்ளெக்ஸில் தலைவர் தனியாக நின்றால் போதாது. பக்கத்தில் ஒரு நடிகர் வேண்டும். முடிந்தால் நடிகரின் உடம்பிலேயே தலைவரின் முகம் இருக்க வேண்டும். குதிரை மேல், புல்லட் மேல், சில சமயம் சிங்கத்தின் பிடரியைப் பிடித்துக்கொண்டு. ரோட்டில் எதிரே வந்தால் சனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஆளை, சனங்கள் வீட்டில் படம் மாட்டி வைத்திருக்கிற ஆளாக்கிக் கொடுப்பேன். முகத்தை வெட்டி வைப்பதை யாரும் செய்துவிடலாம். கழுத்தில்தான் வேலை. நடிகர் கழுத்து சிவப்பாக, மழுமழுவென்று இருக்கும். நம் ஆள் கழுத்து கறுத்து, மூன்று மடிப்பு விழுந்திருக்கும். இரண்டையும் நிறம் சரிக்கட்டி, நிழல் போட்டு, ஒட்டு தெரியாமல் சேர்ப்பதில் இந்தப் பக்கத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது. சேத்தூர், தளவாய்புரத்திலிருந்தெல்லாம் தேடி வருவார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. உடம்பைக் கொடுத்த நடிகர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

எங்கள் ஒன்றியத்துக் கவுன்சிலருக்கு நாலைந்து வருடமாக நான்தான் உடம்பு தேடிக் கொடுக்கிறேன். வன்னியம்பட்டிக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஊர்க்காரர். ஆள் முரடர் இல்லை. எப்போதும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டேதான் இருப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே சனங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். தண்ணீர் வரவில்லை என்று போனாலும் சிரிப்பு, தெருவிளக்கு எரியவில்லை என்று போனாலும் சிரிப்பு. என் வீடும் அந்த ஒன்றியத்தில்தான் இருக்கிறது. தை மாதம் எங்கள் தெருவில் ரோடு போடுகிறோம் என்று தோண்டினார்கள். மாசி பாதி போன பிறகும் தோண்டினது தோண்டினபடியே கிடந்தது. அவருக்குப் போன் போட்டால் எடுக்க மாட்டார். எடுத்தால், ஆகுது, ஆகுது என்பார்.

என் மனைவி பேண்டேஜ் துணி போடுகிற கம்பெனியில் மடிப்பு வேலைக்குப் போகிறாள். ஒரு நாள் சாயங்காலம் வேலைவிட்டு வரும்போது அந்தக் குழிக்குள் காலை விட்டு விழுந்துவிட்டாள். கணுக்காலில் எலும்பு விரிசல் விட்டுப்போயிற்று. பகலெல்லாம் அவள் மடிக்கிற துணியையே ஆஸ்பத்திரியில் அவள் காலில் சுற்றி அனுப்பினார்கள். நம்ம கம்பெனித் துணிதான், நெசவைப் பார்த்தாலே தெரிகிறது என்று அந்த வலியிலும் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் கவுன்சிலரின் ஆள் ஒருவன் கடைக்கு வந்தான். பங்குனியில் வருகிற கவுன்சிலர் பிறந்தநாளுக்கு நான் போட்டுக் கொடுத்திருந்த மாதிரிப் படத்தில் தலைவர் நிறம் கம்மியாக இருக்கிறாராம், இன்னும் சிவப்பாக்க வேண்டுமாம். இது மூன்றாவது தடவை. எங்கள் தெருக் குழி என்ன ஆயிற்று என்று கேட்டேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கவுன்சிலரின் சிரித்த முகத்தை வெட்டி எடுத்தேன். அதை வைக்க ஒரு உடம்பு தேடினேன். சனம் பார்த்ததும் காறித் துப்புகிற மாதிரி ஒரு படம் செய்ய வேண்டும். அவ்வளவுதான் அப்போது மனதில் இருந்தது.

நடிகர்களின் உடம்பு என்னிடம் நூற்றுக்கணக்கில் கிடக்கிறது. சிரிப்பு நடிகர்கள் மட்டுமே ஒரு ஃபோல்டர் நிறைய. காசு கொடுத்தால் எதையும் எதோடும் ஒட்டிக் கொடுக்கிறவன், அன்றைக்குப் பார்த்து, இந்த மூஞ்சிக்கு இவர் உடம்பா, பாவம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். அப்போதுதான் பபூன் அண்ணாச்சியின் படம் கண்ணில் பட்டது.

எங்கள் பக்கம் கோயில் பொங்கலுக்கு நாடகம் போடுவார்கள். ராஜா வேஷக்காரரும் ராணி வேஷக்காரியும் எந்த ஊரிலிருந்து வந்தாலும் சரி, பபூன் மட்டும் அவராக இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்லுவார்கள். சீசனில் அவரிடம் தேதி வாங்குவது குதிரைக் கொம்பு. நாடகத்தில் முதல் ஒரு மணி நேரம் மேடை பபூனுக்குத்தான். ஒரு கால் சிவப்பு, ஒரு கால் பச்சை என்று ஒரு கால்சட்டை போட்டுக்கொண்டு வருவார். அவர் மனைவி தைத்துக் கொடுத்தது, ஓரமெல்லாம் கண்ணாடிச் சில்லு. ஒற்றைக் காலைத் தூக்கி, ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் கொடுத்து, செத்த நேரம் அப்படியே நிற்பார். வாயைத் திறந்திருக்க மாட்டார். அதற்கே சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். எங்கள் தெருவில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு அக்கா, மூன்று மாதம் கழித்து முதல்முதலாகச் சிரித்தது அவர் ஆட்டத்தைப் பார்த்துத்தான்.

புது நோட்டீஸுக்காக அவரை அந்தக் கால்சட்டையோடு என் கடையிலேயே நிற்கவைத்து, பத்து நாளைக்கு முன்னால்தான் படம் எடுத்திருந்தேன். ஒற்றைக் காலில் நின்றுகொண்டே ஒரு சேதி சொன்னார். அவருடைய மகன் பட்டாளத்தில் இருக்கிறான். சின்ன வயதில் 'பபூன் மகன்' என்று கூப்பிட்டதற்காகப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் பல்லை உடைத்தவன். அதற்குப் பிறகு அப்பாவின் ஆட்டத்தைப் பார்க்க வந்ததே இல்லை. இப்போது அவனாகவே போன் போட்டிருக்கிறான். பங்குனிப் பொங்கலுக்கு லீவில் வருகிறேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், நம் ஊர் மேடையில் உங்கள் ஆட்டத்தை முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று. பேத்திக்கு நாலு வயது. வடக்கே எங்கேயோ வளர்கிறது. தாத்தாவைப் போனில் மட்டும்தான் தெரியும்.

"பிள்ள சிரிக்குமா தம்பி? அங்கிட்டு வளருத பிள்ள. நம்ம ஆட்டமெல்லாம் அதுக்குப் புரியுமா?" என்று கேட்டார். ஊரையே சிரிக்கவைக்கிற மனுஷன் ஒரு நாலு வயதுப் பிள்ளைக்குப் பயந்துபோயிருந்தார்.

அவர் ஊர்தான் கவுன்சிலருக்கும் ஊர். அது தெரிந்துதான் நான் அந்தப் படத்தைத் திறந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று இன்றைக்கு எழுதினால் அது பொய்யாகிவிடும். எல்லாம் தெரியும். கோபத்தில் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

முகத்தை வைத்தேன். கழுத்தைச் சேர்த்தேன். என் வேலையிலேயே நல்ல வேலை அதுதான். சந்தேகமே வராது, கவுன்சிலரே கால்சட்டை மாட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரி இருந்தது. கீழே, 'ரோடு வந்துக்கிட்டே இருக்கு. அதுவரைக்கும் நம்ம ஆட்டத்தப் பாருங்க' என்று எழுதினேன். மச்சினனுக்கு மட்டும் அனுப்பினேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் மூன்று வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அது எனக்கே திரும்பி வந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, பெருமையாக இருந்தது. என் பெயர் இல்லாமல் என் வேலை ஊரெல்லாம் சுற்றுகிறதே என்று ஒரு சின்ன வருத்தம்கூட இருந்தது.

மறுநாள் ஒரு பால்கோவாக் கடைக்குப் போர்டு மாட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். தேரடிப் பக்கம் டீக்கடையில் நின்றபோது இரண்டு பேர் போனில் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளவட்டமாக இருந்தவன், ஆளு அசல் பபூன்தான் என்று சொல்லிச் சிரித்தான். மற்றவர் கொஞ்சம் வயதானவர். அவர் சிரிக்கவில்லை.

"பபூன ஏம்ப்பா அசிங்கப்படுத்துத? அந்த மனுசன் வந்து நின்னா இருக்க கவலையெல்லாம் மறந்துபோவும். இவன் வந்து நின்னாத்தான் கவலையே ஆரம்பிக்கி" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு என்னைப் பார்த்துச் சொன்னதுபோல் சுருக்கென்றது. கவுன்சிலரைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் யாரைக் கேலி செய்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் லேசாக உறைத்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கால்சட்டையை அடையாளம் தெரியாத ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. முகம் கவுன்சிலர், உடம்பு பபூன் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இதை நான் யோசித்திருக்க வேண்டும். கழுத்தை மட்டுமே பார்த்துப் பழகியவனுக்குக் கால் கண்ணில் படவில்லை.

மூன்றாம் நாள் அந்த ஊர் நாடகக் கமிட்டிக்காரர் போன் போட்டார். கவுன்சிலருக்கு வேண்டியவர். பொங்கலுக்கு நான் போட்டுக் கொடுத்த நாடக ஃப்ளெக்ஸில் பபூன் படத்தை எடுத்துவிட்டு வேறு ஒரு படம் வைக்க வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். எதிர்க்கட்சிக்காரர்களோடு சேர்ந்துகொண்டு பபூன் தன் படத்தைக் கொடுத்திருக்கிறார், சொந்த ஊர்க்காரனையே கேவலப்படுத்தியிருக்கிறார், அதனால் அவருக்குக் கொடுத்த வெற்றிலை பாக்கை ரத்து செய்து மதுரைப் பக்கத்துப் பபூன் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார். எங்கள் பக்கம் நாடகத்துக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்துவிட்டால் அது கல்யாணத்துக்குப் பரிசம் போட்டது மாதிரி. கொடுத்ததைத் திரும்ப வாங்கினார்கள் என்றால் அந்த ஆளுக்கு அதைவிட அவமானம் கிடையாது. அதுவும் சொந்த ஊரில்.

அவர் கொடுத்திருக்க மாட்டார் என்று வாய் வரை வந்தது. சரிங்க, மாற்றிவிடுகிறேன் என்றுதான் சொன்னேன். அதே கம்ப்யூட்டரில், அதே கையால், ஃப்ளெக்ஸிலிருந்து அவரை அழித்துவிட்டு வேறு ஒருத்தரை வைத்தேன். பத்து நிமிட வேலைதான்.

மறுநாள் காலையில் பபூன் அண்ணாச்சி கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மேடைக்கு வெளியே அவர் ரொம்பச் சாதாரணமாக இருப்பார், கூட்டத்தில் நின்றால் தெரியாது. நோட்டீஸ் படத்தை நாலைந்து ஊர்க் கமிட்டிக்குத் தன் போனிலிருந்து தானே அனுப்பியதாகவும், அதில் எவனோ எடுத்து இப்படிச் செய்துவிட்டான் என்றும் சொன்னார். என்மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை. போனை என்னிடம் நீட்டினார்.

"நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்சவுக. இது எந்த ஊர்ல செஞ்சதுன்னு பாத்துச் சொல்ல முடியுமா தம்பி?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிற மாதிரி பாவனை செய்தேன். அவரும் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "ஒட்டே தெரியலல்ல? நல்ல வேலக்காரந்தான்" என்றார். அதை வஞ்சகமாகச் சொல்லவில்லை. கலைஞன் இன்னொருத்தன் வேலையைப் பார்த்துச் சொல்லுவானே, அப்படிச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

கமிட்டியில் போய்ச் சொல்லிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள், கவுன்சிலர் வீட்டு வாசலை மிதிக்கவும் தனக்குக் கூச்சமாக இருக்கிறது என்றார். மகன் லீவு எழுதிக் கொடுத்துவிட்டானாம். இனி மாற்ற முடியாதாம். பேத்தியிடம் தினமும் போனில், தாத்தா டான்ஸ் ஆடுவாரு, தாத்தா டான்ஸ் ஆடுவாரு என்று சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறார்களாம்.

"செஞ்சவன் வந்து, பபூனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும் தம்பி. அவன நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்" என்றார்.

அதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படி வழிவிடுவான். நான் அந்த வழியில் போகவில்லை. "மதுரப் பக்கம் எங்கயும் செஞ்சிருப்பாங்க அண்ணாச்சி. கண்டுபிடிக்கது கஷ்டம்" என்றேன். சரி தம்பி, கேட்கலாம் என்று வந்தேன் என்று போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். இன்றைக்கும் அந்த ஒரு பொய்யை நினைத்தால் சோறு இறங்காது.

வீட்டில் என் மனைவி தலையணைமேல் காலை வைத்துப் படுத்திருந்தாள். பபூன் வந்துபோனதைச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க செஞ்சதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். வேற யாருக்கு அந்தக் கழுத்து வரும்? போய்ச் சொல்லிட்டு வாங்க. என் காலுக்காகச் செஞ்சேன்னு மட்டும் சொல்லிராதீக" என்றாள்.

போனேன். போகவில்லை என்று சொல்ல முடியாது. அடுத்த நாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு வன்னியம்பட்டி தாண்டி, ரயில்வே கேட்டைக் கடந்து, கவுன்சிலர் வீட்டு வாசல் வரை போனேன். வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றி நாலு பேர் நின்றார்கள். சிவப்பாக்கச் சொன்னவனும் இருந்தான். அடிப்பார்கள். போலீசில் எழுதிக் கொடுப்பார்கள். ஒரு கட்சிக்காரனும் இனி என் கடைப் படி ஏற மாட்டான். வண்டியை நிறுத்துகிற அந்த ஒரு நிமிடத்துக்குள் இவ்வளவும் தோன்றிவிட்டது. கவுன்சிலர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே, என்னப்பா, இவ்வளவு தூரம் என்று கேட்டார்.

பிறந்தநாள் படத்தில் நிறம் போதுமா என்று கேட்க வந்தேன் என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பயல்கள் சொல்லுவதையெல்லாம் கேட்காதே, இருக்கிற நிறம் போதும் என்றார். காப்பி குடித்துவிட்டுப் போ என்றார். வேண்டாம் என்று வெளியே வந்து வண்டியை உதைத்தபோது, என்னை யாராவது உதைத்தால் தேவலை என்றிருந்தது. வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவர் ஊரில் இல்லை என்றேன். அன்றைக்கு அது இரண்டாவது பொய்.

பொங்கல் வந்தது, நாடகமும் நடந்தது. நான் போகவில்லை. அந்த ஊரிலிருந்து என் மனைவியின் கம்பெனிக்கு வேலைக்கு வருகிற ஒருத்தி வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும். மேடை போட்ட இடம் பபூன் வீட்டிலிருந்து நாலே வீடு தள்ளி. மைக் சத்தம் நடுவீட்டுக்குள் கேட்கும். மகனும் பேத்தியும் வந்திருந்தார்கள். வீட்டுக்குள்ளேயாவது பிள்ளைக்கு ஆடிக் காட்டுங்கள் என்று மகன் கேட்டானாம். சனம் சிரிக்காமல் எனக்குக் கால் எழும்பாது என்று சொல்லிவிட்டாராம். பேத்தி, டான்ஸ் எப்போ, டான்ஸ் எப்போ என்று கேட்டுக் கேட்டுத் தூங்கிப்போயிற்றாம். இதைக் கேட்டு என் மனைவி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

நாடகம் முடிந்த நாலாம் நாள் மத்தியானம் பபூன் அண்ணாச்சி, மகன், பேத்தி மூன்று பேரும் என் கடைக்கு வந்தார்கள். சாயங்கால ரயிலுக்கு மகன் கிளம்புகிறான். பெட்டியெல்லாம் கூட இருந்தது. மகன் நல்ல உயரம், ஒட்ட வெட்டிய முடி. இடுப்பில் பிள்ளை. மஞ்சள் கவுன் போட்டு, யாரைப் பார்த்தாலும் சிரிக்காத முகத்தோடு இருந்தது. வேஷத்தோடு எடுத்த படத்தை ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுங்கள், பிள்ளை அதையாவது கொண்டுபோகட்டும் என்று பபூன் அண்ணாச்சி சொன்னார். அதையாவது என்ற அந்தச் சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அவர் ஃபோல்டரைத் திறந்தேன். அவசரத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. அன்றைக்குச் செய்த படத்தை நான் அந்த ஃபோல்டரிலேயே போட்டு வைத்திருந்ததை மறந்தே போயிருந்தேன். இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் வந்து நின்றன. ஒன்றில் அவர். ஒன்றில் அவர் உடம்பும் கவுன்சிலர் முகமும். மூடுவதற்குள் பிள்ளை விரலை நீட்டிவிட்டது.

"இந்தத் தாத்தா கால் பாரு" என்று கத்திச் சிரித்தது. கவுன்சிலரின் படத்தைக் காட்டித்தான். அவ்வளவு நேரம் உம்மென்று இருந்த பிள்ளை, அப்பா தோளில் முகத்தைப் புதைத்துப் புதைத்து எடுத்துச் சிரித்தது. மூச்சு வாங்கச் சிரித்தது.

மகன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். யாரும் விளக்க வேண்டிய அவசியம் இல்லை. போனில் வருகிற மங்கல் படம் இல்லை அது, செய்தவனிடம் மட்டுமே இருக்கிற படம். பிள்ளையை இறக்கிவிட்டு என்னை நோக்கி ஒரு எட்டு வைத்தான். நான் நகரவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பபூன் அண்ணாச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ள சிரிக்கி. கெடுத்துராத" என்றார்.

பிறகு என்னிடம், அதைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள் தம்பி என்றார். பெரிதாக்கினேன். பிள்ளை இன்னும் சிரித்தது. அவர் பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், திரையைப் பார்க்கவே இல்லை. திடீரென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஃப்ளெக்ஸ் ரோலுக்கும் பிரிண்டருக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன இடத்தில் ஒற்றைக் காலைத் தூக்கி, கையைப் பின்னால் கொடுத்து அப்படியே நின்றார். சனம் சிரிக்காமல் எழும்பாத கால், அந்த ஒரு பிள்ளையின் சிரிப்புக்கு எழும்பிவிட்டது.

பிள்ளை அவரைப் பார்த்தது. திரையைப் பார்த்தது. மறுபடியும் அவரைப் பார்த்தது.

"நீ இல்ல தாத்தா. அந்தத் தாத்தாதான்" என்று கவுன்சிலரின் முகத்தைத் தொட்டுக் காட்டியது.

அவர் காலை மெதுவாகக் கீழே வைத்தார்.

நான் அவசர அவசரமாக அவருடைய நிஜப் படத்தைத் திறந்தேன். இதுதான் தாத்தா, இதைப் பார் பாப்பா என்றேன். பிள்ளை அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, முதல் படம்தான் வேண்டும் என்று காலை உதைத்து அழ ஆரம்பித்தது. மகன் வேண்டாம், போகலாம் என்றான். அவர் கேட்கவில்லை, அதையே போட்டுக் கொடுக்கச் சொன்னார். இரண்டையும் போட்டுக் கொடுத்தேன். பிள்ளை ஒன்றைத்தான் கையில் வாங்கிக்கொண்டது. இன்னொன்றை அவர் மடிக்காமல் உருட்டி மகனின் பையில் சொருகினார். அண்ணாச்சி, நான் வந்து என்று ஆரம்பித்தேன். ரயிலுக்கு நேரமாச்சு தம்பி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். இந்தத் தடவை கவுன்சிலர் வீட்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கும்போதே சொல்லிவிட்டேன். அந்தப் படம் செய்தது நான், பபூனுக்கு அதில் ஒரு சம்பந்தமும் கிடையாது, அவர் படத்தைக் கொடுக்கவில்லை, நான் திருடி ஒட்டினேன், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று. சிவப்பாக்கச் சொன்னவன் என் சட்டையைப் பிடிக்க வந்தான். கவுன்சிலர் கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த முகத்தை எத்தனையோ உடம்பில் ஒட்டியிருக்கிறேன், சிரிப்பில்லாமல் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"எனக்கும் அவரு ஆட்டம்னா உசுருப்பா. எங்கப்பா தோள்ல உக்காந்து பாத்தவன் நான். கமிட்டிக்காரப் பயக என்னையக் கேக்காமலே மாத்திட்டானுக. சரி, அவருக்கே எம்மேல கோவம்போலன்னு நானும் விட்டுட்டேன். புதுசா வந்தவன செத்த நேரம் பாத்தேன், எந்திரிச்சு வந்துட்டேன்" என்றார். பிறகு என் வண்டி நின்ற இடத்தைக் காட்டினார்.

"அன்னைக்கு வந்து இதே எடத்துல நின்னியே. அன்னைக்கே சொல்லியிருந்தா அவரையே ஆடவிட்டிருப்பமே" என்றார்.

அவர் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. எதற்குப் பயந்து அத்தனையும் செய்தேனோ, அது ஒன்றுமே நடக்கவில்லை. வாசல் வரை வந்து, உன் வீட்டுக்காரிக்குக் கால் எப்படி இருக்கிறது, அந்த ரோடு ஆகுதுப்பா என்றார். அது இன்னும் போடவில்லை.

திரும்பி வரும்போது ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். வண்டியை அணைத்துவிட்டு நின்றேன். ரயில் வந்தது. ஜன்னல்களில் முகம் முகமாகப் போயிற்று. ஏதோ ஒரு பெட்டியில் மஞ்சள் கவுன் போட்ட பிள்ளை, கவுன்சிலர் முகத்தைப் பார்த்து, இதுதான் எங்கள் ஊர்த் தாத்தா என்று யாரிடமாவது காட்டிச் சிரித்துக்கொண்டு போயிருக்கும். கேட்டைத் திறந்த பிறகும், பின்னால் நின்ற மினி பஸ்காரர் ஹாரன் அடிக்கிற வரைக்கும் நான் வண்டியை எடுக்கவில்லை.